மஞ்சள் கடவை எல்லோருக்கும் ஒன்றுதான்

 

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள். விசயம் நம் எல்லோருடைய பிள்ளைகளையும் பற்றியது.

போன செவ்வாய்க்கிழமை காலை 7 மணி தாண்டி ஐந்து நிமிடம் இருக்கும். நாங்கள் இரண்டு ஆசிரியர்கள் வழமை போல பாடசாலைக்கு முன்னால் மஞ்சள் கடவையில் நின்றோம். நுவரெலியாப் பக்கமிருந்து பனி இறங்கிக்கொண்டிருந்தது. கையைக் காட்டினோம். மேலே இருந்து வந்த மரக்கறி லொறி நின்றது. பிள்ளைகள் கடக்கத் தொடங்கினார்கள்.

அந்த லொறிக்குப் பின்னால் நான்கு வாகனங்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டினாற்போல இறங்கி வந்தன. போர்சஸ் வண்டிகள். முப்படையில் எது, எந்த முகாம் என்று இங்கே எழுதப் போவதில்லை. அது முறைப்பாட்டில் இருக்கிறது, அங்கே இருந்தால் போதும். ஒரு சாரதியைப் பிடித்து முகநூலில் கிழிப்பதற்காக நாங்கள் இதை எழுதவில்லை.

முதல் வண்டி நிற்கவில்லை. நின்றிருந்த மரக்கறி லொறியை முந்திக்கொண்டு, ஹோர்னை அழுத்தியபடி, கடவைக்குள்ளேயே வந்தது. பின்னால் வந்த மூன்றும் அதே மாதிரி. தரம் 7 பிள்ளை ஒருவன் பின்னால் பாய்ந்து கானுக்குள் விழுந்தான். முழங்கால் இரண்டும் தோல் உரிந்துவிட்டது. புத்தகப் பையெல்லாம் சேறு. கையிலிருந்த சோற்றுப் பெட்டி வீதியில் விழுந்து மூன்றாவது வண்டியின் டயருக்குள் போனது. அல்ஹம்துலில்லாஹ், போனது பெட்டி மட்டும்தான்.

அவனைத் தூக்கிக் கழுவி மருந்து போட்டோம். அழவில்லை. அவன் சொன்ன ஒரு வார்த்தைதான் இந்தப் பதிவை எழுத வைத்தது.

"சேர், அவங்க நிக்க மாட்டாங்கதானே. நான்தான் பார்த்து வந்திருக்கணும்."

முதலாம் தரத்திலிருந்து அந்தப் பிள்ளைக்கு மஞ்சள் கடவை பற்றிப் படிப்பித்தது நாங்கள். வலப்பக்கம் பார், இடப்பக்கம் பார், திரும்ப வலப்பக்கம் பார், கடவையில் வாகனம் உனக்காக நிற்க வேண்டும் என்று படம் கீறிக் காட்டியதும் நாங்கள். பன்னிரண்டு வயதில் அவன் வேறொரு பாடத்தைத் தானாகப் படித்து வைத்திருக்கிறான். சில வண்டிகள் நிற்கும், சில வண்டிகள் நிற்காது, நிற்காத வண்டியிடம் நியாயம் கேட்க முடியாது. இந்தப் பாடத்தை யார் படிப்பித்தது?

நாம்தான். பெரியவர்கள்.

அன்றைக்கே கடைத்தெருவில் விசயம் பரவிவிட்டது. ஒரு நானா சொன்னார், "சேர், போர்சஸ்காரங்களோட நமக்கென்ன கதை? புள்ளைக்கு ஒண்ணும் ஆகல்லதானே, விடுங்க." இன்னொருவர், "புயல் நேரம் வந்து மண்ணைத் தள்ளி ரோட்டைத் திறந்தது அவங்கதானே, இப்ப போய் முறைப்பாடா?" என்று கேட்டார். முறைப்பாட்டை எழுதப் போன இடத்திலும் முதலில் கிடைத்த பதில், "அது போர்சஸ் நம்பர் சேர், நாங்க எடுக்கிறதில்ல, முகாமுக்குப் போய்ச் சொல்லுங்க" என்பதுதான். மூன்றாவது தரம் போய், பெற்றோர் நாலு பேரையும் கூட்டிக்கொண்டு உட்கார்ந்த பிறகுதான் எழுதினார்கள்.

இந்த மூன்று பேச்சுக்கும் ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறோம்.

முதலில் அந்த "எடுக்கிறதில்ல".

இந்த நாட்டில் வீதியில் ஓடும் வாகனங்களுக்கான சட்டம் 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம். பிறகு பல தரம் திருத்தப்பட்டிருக்கிறது. விபத்து நடந்தால் வண்டியை நிறுத்து, காயப்பட்டவருக்கு உதவி செய், பெயர் விலாசத்தைக் கொடு, பொலிஸுக்கு அறிவி என்று சாரதிக்குக் கடமை விதிக்கும் சட்டம் அது. சீருடை போட்டவர் நிறுத்தத் தேவையில்லை என்று அதை வாசிக்க முடியாது. படையினருக்குத் தனிச் சட்டம் இருப்பது உண்மை. 1949 ஆம் ஆண்டின் இராணுவச் சட்டம் இருக்கிறது. அது அவர்களுக்கு மேலதிகமாக வந்த ஒழுங்கு. நாட்டின் சாதாரணச் சட்டத்திலிருந்து அவர்களை வெளியே எடுக்கும் சீட்டு அல்ல. விபத்தில் ஆள் மவுத்தான சம்பவங்களில் படைச் சாரதிகளைப் பொலிஸ் கைது செய்து நீதவான் முன் நிறுத்திய செய்திகளை நாம் எத்தனை தரம் வாசித்திருக்கிறோம்? உயிர் போன பிறகு எடுக்க முடிகின்ற முறைப்பாட்டை, போவதற்கு முன்னால் ஏன் எடுக்க ஏலாது?

அரசியலமைப்பின் 12(1) ஆம் உறுப்புரையும் இதையே சொல்கிறது. சட்டத்தின் முன் எல்லோரும் சமம், சட்டத்தின் பாதுகாப்பும் எல்லோருக்கும் சமம். கானில் விழுந்த பிள்ளைக்கும்தான்.

நஷ்டஈட்டு விசயத்தில் பழைய கதை ஒன்று இருக்கிறது. தெரிந்துகொள்ள வேண்டிய கதை. வெள்ளைக்காரன் காலத்தில் அரசாங்க ஊழியரின் கவனக்குறைவால் ஒருவருக்குத் தீங்கு நடந்தால், அதற்காக முடிக்கு எதிராக வழக்குப் போட முடியாது. அரசன் தவறு செய்ய மாட்டான் என்பது கணக்கு. சுதந்திரம் கிடைத்து இருபது வருடம் தாண்டியும் அந்தக் கணக்கு இங்கே ஓடிக்கொண்டிருந்தது. 1969 இல் 22 ஆம் இலக்கச் சட்டத்தைக் கொண்டு வந்துதான் அதை உடைத்தார்கள். அரசாங்க ஊழியர் கடமையில் இருக்கும்போது செய்த தீங்குக்கு அரசாங்கமே பதில் சொல்ல வேண்டும் என்று அன்றிலிருந்து ஆனது. இன்றைக்கு 50 வருடத்துக்கும் மேல். நம் ஊரில் மட்டும் இன்னும் 1969 வரவில்லை.

பக்கத்து நாட்டில் இதே கேள்வி நீதிமன்றங்களில் உருண்ட விதம் இன்னும் சுவையானது. 1952 இல் ராஜஸ்தானில், உதய்பூர் கலெக்டரின் பாவனைக்கான அரசாங்க ஜீப்பைப் பழுது பார்த்துத் திருப்பிக் கொண்டுவந்த சாரதி, வீதியோரம் நடந்துபோன ஒருவரை மோதினார். அவர் ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார். விதவையும் சின்ன மகளும் வழக்குப் போட்டார்கள். "அரசாங்க ஜீப், அதனால் பொறுப்பில்லை" என்று மாநில அரசு வாதாடியது. 1962 இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. சாதாரண முதலாளி ஒருவரின் சாரதி மோதினால் முதலாளி எப்படிப் பொறுப்போ, அப்படித்தான் அரசாங்கமும் என்று தீர்ப்புச் சொன்னது. வித்யாவதி வழக்கு என்று சட்டம் படிக்கும் பிள்ளைகள் இன்றைக்கும் படிக்கிறார்கள்.

அதற்குப் பிறகு படை வண்டிகள் சம்பந்தமான வழக்குகள் வந்தபோது நீதிமன்றங்கள் கேட்ட கேள்வியைப் பாருங்கள். "லொறி என்ன வேலையாகப் போனது?" சிம்லாவில் படைத் தலைமையகத்துக்கு நிலக்கரி ஏற்றிப்போன லொறி ஒரு ஆளைக் கொன்றது. நிலக்கரியை யாரும் ஏற்றலாம், அதற்குப் போர் தேவையில்லை, அரசாங்கம் பொறுப்பு என்று பஞ்சாப் உயர் நீதிமன்றம் சொன்னது. இன்னொன்றில் விமானப்படையின் ஹொக்கி அணியை விளையாட ஏற்றிப்போன வண்டி. அதுவும் டெல்லியில் அதே முடிவுதான், ஹொக்கி விளையாட்டு நாட்டைக் காக்கும் கடமைக்குள் வராது என்று. மறுபக்கமும் உண்டு. வண்டி படைக் கடமையில் போனது என்று சொல்லி நஷ்டஈடு மறுக்கப்பட்ட குடும்பங்களும் அங்கே இருக்கிறார்கள். அந்தக் குடும்பங்களுக்கு என்ன ஆறுதல்? மோதிய லொறியில் நிலக்கரி இருந்ததா துவக்கு இருந்ததா என்பது மவுத்தானவருக்குத் தெரியுமா?

நாங்கள் இதைச் சொல்வது ஒரு காரணத்துக்காக. நம் வீதியில் இறங்கும் படை வண்டிகளில் எத்தனை வண்டி உண்மையிலேயே அவசரத்துக்குப் போகிறது? ரேஷன் போகிறது, லீவில் போகும் பிள்ளைகள் போகிறார்கள், பயிற்சிக்கு ஆள் போகிறது, தளபாடம் போகிறது. போகட்டும். எல்லாம் தேவையான வேலைதான். ஆனால் அது மரக்கறி லொறியின் வேலையை விட அவசரமான வேலை அல்ல. மரக்கறி லொறி நின்றது.

உண்மையான அவசரம் என்றால் கதை வேறு. அம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி, மண்சரிவில் ஆளைத் தூக்கப் போகும் படை வண்டி, இவற்றுக்கு உலகத்தில் எல்லா இடத்திலும் வழி விடுகிறார்கள். அதற்கும் ஒரு முறை இருக்கிறது. சைரன் அடிக்க வேண்டும், விளக்கு எரிய வேண்டும், ஆள் கடக்கும் இடத்தில் அப்போதும் வேகத்தைக் குறைக்க வேண்டும். அவசரம் என்றால் முதலில் நமக்கு அறிவிப்பது. அறிவிக்காத அவசரம் வெறும் அவசரப்புத்தி.

இனி இரண்டாவது பேச்சு. புயல் நேரம் வந்து உதவியவர்கள் என்பது.

உண்மை. மறக்க மாட்டோம். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் அடித்தபோது இந்த மலையில் என்ன நடந்தது என்று நமக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. வீதி எது, ஆறு எது என்று தெரியாமல் போனது. மண்ணுக்குள் போன வீடுகளில் ஆள் தேடியவர்களில், பாதை திறந்தவர்களில், சாப்பாடு சுமந்து வந்தவர்களில் சீருடைக்காரர்கள் இருந்தார்கள். அந்தப் பிள்ளைகளும் யாரோ ஏழைத் தாயின் பிள்ளைகள்தான். அவர்களுக்கு துஆ கேட்டவர்கள் நாம்.

நன்றி வேறு, கணக்கு வேறு. நம் பாடசாலையில் ஒரு ஆசிரியர் இருபது வருடம் பிள்ளைகளை நன்றாகப் படிப்பித்துக் கொடுத்தவர் என்பதற்காக, இருபத்தோராவது வருடம் ஒரு பிள்ளையை அடித்துக் கையை முறித்தால் சும்மா விடுவோமா? விட மாட்டோம், விடவும் கூடாது. புயலில் நம் பிள்ளையைத் தூக்கிக் காப்பாற்றியவர் மஞ்சள் கடவையிலும் அதே பிள்ளையைக் காப்பாற்ற வேண்டும் என்று கேட்கிறோம். இது நன்றி கெட்ட பேச்சா?

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். யுத்த காலத்தில் வடக்கு கிழக்கில் படைத் தொடரணி போனால் சனம் வீதியை விட்டு இறங்கி நிற்க வேண்டும். சைக்கிளில் போனவரும் இறங்கி நிற்பார். தொடரணிக்கு நடுவில் வேறு வண்டி புகுந்துவிடக் கூடாது, நடுவழியில் நிற்கக் கூடாது, இடைவெளி விடக் கூடாது. கண்ணிவெடிக்கும் பதுங்கித் தாக்குதலுக்கும் பயந்து வந்த ஒழுங்கு அது. அந்த நேரத்தில் அதற்கு ஒரு காரணம் இருந்தது. 2009 மே மாதத்தோடு யுத்தம் முடிந்துவிட்டது. அன்றைக்குப் பிறந்த பிள்ளைகள் இன்று வளர்ந்துவிட்டார்கள். கம்பளை நுவரெலியா வீதியில் யார் கண்ணிவெடி வைத்திருக்கிறார்? வளைவில் ஒட்டிக்கொண்டு ஓடும் பழக்கம் மட்டும் ஒரு சாரதியிடமிருந்து அடுத்த சாரதிக்குக் கைமாறிக்கொண்டே வருகிறது. மேலிடத்திலிருந்து யாரும் நிறுத்தச் சொல்லவில்லை, அதனால் நிற்கவில்லை.

சமவெளியில் இந்தப் பழக்கம் ஆபத்து. மலையில் அதை விடப் பெரிய ஆபத்து. நமக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் எழுதி வைக்கிறோம். பாரம் ஏற்றிய பெரிய லொறி இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பி வந்தால் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும். கியரைக் குறைத்து, எஞ்ஜினால் பிடித்துக்கொண்டுதான் இறங்க வேண்டும். நீளமான வண்டி வளைவில் திரும்பும்போது பின் சக்கரம் உள்பக்கமாக வெட்டி வரும். கானோரம் நடக்கும் பிள்ளையை முன் சக்கரம் தப்பவிட்டாலும் பின் சக்கரம் விடாது. ஏறி வருகிறவருக்கு இறங்கி வருகிறவர் இடம் கொடுப்பது மலையில் ஓடிப் பழகிய சாரதிகளின் மரியாதை. வேறு மாவட்டத்திலிருந்து மாற்றலாகி வந்த இருபத்திரண்டு வயதுப் படைச் சாரதிக்கு இதெல்லாம் யார் சொல்லிக் கொடுத்தது?

இந்த வீதி எதையும் மன்னிப்பதில்லை. 2025 மே 11 அதிகாலையை நினைத்துப் பாருங்கள். கதிர்காமத்திலிருந்து குருநாகலுக்குப் போன இ.போ.ச. பஸ் நம்முடைய கெரண்டிஎல்லையில் பள்ளத்தில் விழுந்து 20 க்கும் மேற்பட்டவர்கள் போய்ச் சேர்ந்தார்கள். வெசாக் நேரம். கொள்ளக்கூடிய அளவுக்கு மேல் ஆட்கள். சத்தம் கேட்டு ஓடிப்போய்த் தூக்கியவர்களில் நம் ஊர் ஆட்கள் இருந்தார்கள். அது படை வண்டி அல்ல. ஆனால் அதுவும் அரசாங்க வண்டிதான். தனியார் பஸ்ஸை நிறுத்தி ஆள் எண்ணுகிறவர்கள் சிவப்பு பஸ்ஸை நிறுத்தி எண்ணுவது எத்தனை தரம்? விபத்துக்குப் பிறகுதான் எல்லோருக்கும் ஞாபகம் வந்தது. அந்த வருடம் ஜூலை 1 இலிருந்து பஸ் சாரதிகளும் ஆசனப்பட்டி போட வேண்டும் என்று ஆனது. நல்லது. ஆனால் ஒவ்வொரு விதிக்கும் நாம் இத்தனை ஜனாஸா கொடுத்துத்தான் வாங்க வேண்டுமா?

2023 ஜனவரி 20 ஐயும் மறக்கவில்லை. நானுஓயா ரதெல்ல குறுக்கு வீதியில் இறங்கி வந்த பஸ் ஒன்று வானிலும் ஓட்டோவிலும் மோதி 7 பேர் போனார்கள். வானில் இருந்தது ஹட்டன் பக்கத்துக் குடும்பம். அந்த இரவு நம் வீடுகளில் யாரும் தூங்கவில்லை.

படை வண்டி, இ.போ.ச. பஸ், அமைச்சரின் ஜீப், திணைக்களத்தின் கெப். எல்லாவற்றிலும் ஒரே நோய்தான். "இது அரசாங்க வண்டி" என்ற நினைப்பு. தண்டம் கட்டப் போவது சாரதி அல்ல, டயர் தேய்வது அவர் காசில் அல்ல, மறிக்கிற பொலிஸ்காரர் நம்பரைப் பார்த்ததும் கையை இறக்கிவிடுவார். பயம் இல்லாத இடத்தில் பிரேக்கும் இருக்காது.

இதை விட்டால் எங்கே போய் முடியும் என்று வெளிநாட்டிலிருந்து ஒரு உதாரணம். தென் கொரியாவில் 2002 ஜூன் 13. நடைபாதை இல்லாத ஒடுங்கிய கிராமத்து வீதி. 14 வயது மாணவிகள் இருவர் ஓரமாக நடந்து போனார்கள். பயிற்சிக்காக அணியாகப் போன அமெரிக்கப் படையின் கவச வாகனம் இரண்டு பேரையும் நசுக்கியது. கொரிய நீதிமன்றத்துக்கு விசாரிக்கக் கிடைக்கவில்லை. அமெரிக்கப் படை தன் நீதிமன்றத்தில் விசாரித்தது. நவம்பரில் இரண்டு படையினரையும் குற்றவாளி அல்ல என்று விட்டது. சனம் மெழுகுவர்த்தியை ஏந்திக்கொண்டு ஆயிரக்கணக்கில் வீதிக்கு வந்தது. விபத்து எங்கும் நடக்கும் என்பது கொரியர்களுக்கும் தெரியும். சொந்த வீதியில், சொந்தப் பிள்ளைகள் செத்தும், கேள்வி கேட்க ஒரு இடம் இல்லை என்பதுதான் அவர்களைச் சுட்டது.

இப்போது மூன்றாவது பேச்சு. "போர்சஸ்காரங்களோட நமக்கென்ன கதை?"

இது பயத்தில் வரும் பேச்சு. அந்தப் பயத்தை நாங்கள் ஏளனம் செய்யவில்லை. 2018 ஐ நம்மில் யார் மறந்தோம்? பெப்ரவரி 22 இல் தெல்தெனியாவில் வீதியில் ஒரு சண்டை. லொறிச் சாரதி ஒருவரை நம் இளைஞர்கள் சிலர் அடித்தார்கள். மார்ச் முதல் வாரத்தில் அவர் ஆஸ்பத்திரியில் இறந்தார். அந்த அநியாயத்துக்கு நாம் வெட்கப்பட வேண்டும், இன்றைக்கும். அதைச் சாட்டி திகனையில் கடைகள் எரிந்தன, பள்ளிகள் எரிந்தன, அவசரகாலச் சட்டம் வந்தது. வீதியில் தொடங்கியது ஊரையே எரித்தது.

அதிலிருந்து சிலர் படித்த பாடம், "வாயை மூடிக்கொண்டு இரு" என்பது. நாங்கள் படித்த பாடம் வேறு. வீதியில் நடந்த பிழைக்கு வீதியிலேயே தீர்ப்புச் சொல்லப் போனால் ஊர் எரியும். முறைப்பாடு எடுக்கும் இடமும், விசாரிக்கும் இடமும் ஒழுங்காக இருந்தால்தான் கை ஓங்குகிறவனிடம், "ஓங்காதே, அதற்கு இடம் இருக்கிறது" என்று நம்மால் சொல்ல முடியும். அந்த இடத்தையே மூடி வைத்துவிட்டு இளைஞர்களிடம் பொறுமை பேசினால் எத்தனை நாள் கேட்பார்கள்? செவ்வாய்க்கிழமை அன்று கல்லைக் கையில் எடுத்த இரண்டு பெரிய பிள்ளைகளைத் தடுத்துப் பிடித்தது நாங்கள். அடுத்த தரமும் பிடிப்போம். அதற்குத்தான் அந்த முறைப்பாட்டுத் தாள் தேவை.

மக்ஸூம் குலத்துப் பெண்ணின் சம்பவம் நம் எல்லோருக்கும் தெரியும். பெரிய குலத்துப் பெண் திருடியபோது பரிந்து பேச வந்தவரிடம் நபி (ஸல்) அவர்கள் கோபப்பட்டார்கள். முன்னிருந்தவர்கள் அழிந்ததே, பெரியவன் செய்தால் விட்டுவிட்டு எளியவன் செய்தால் தண்டித்ததால்தான் என்று எச்சரித்தார்கள். இதை மிம்பரில் கேட்டுத் தலையாட்டுகிறோம். பள்ளியிலிருந்து இறங்கி வீதிக்கு வந்தால் பெரிய வண்டிக்கு ஒரு நியாயம், ஓட்டோவுக்கு ஒரு நியாயம் என்கிறோம்.

நியாயம் கேட்கிறவர்கள் நம் பக்கத்தையும் பார்க்க வேண்டும். மூன்று பேர் ஏற்ற வேண்டிய ஓட்டோவில், எண்ணிப் பார்க்கவே பயமாக இருக்கும் அளவுக்குப் பிள்ளைகளை ஏற்றி அனுப்புகிறவர்கள் யார்? நாம். ஹெல்மட் இல்லாமல் பிள்ளையை டேங்கில் இருத்திக்கொண்டு டியூசனுக்குப் போகிறவர்கள் யார்? நாம். ஜும்ஆ நேரம் வளைவில் வாகனத்தைப் போட்டுவிட்டுப் போகிறவர்களும் நாம்தான். ஆசிரியர்களில் சிலரும் பெல் அடிக்கும் நேரத்தில் பறந்து வருகிறார்கள். நாங்கள் அதை மறைக்கவில்லை. விதி எல்லோருக்கும் ஒன்று என்று சொல்ல வருகிறவன் முதலில் தன் ஹெல்மட்டைப் போட வேண்டும். இந்த வாரத்திலிருந்து அதையும் வாசலில் நின்று பார்க்கப் போகிறோம், யாரும் கோபிக்க வேண்டாம்.

சரி, என்ன கேட்கிறோம்? பெரிதாக ஒன்றும் இல்லை.

ஒன்று. போர்சஸ் வண்டி என்பதற்காக எந்த முறைப்பாட்டையும் திருப்பி அனுப்பக் கூடாது. எழுத வேண்டும், இலக்கம் கொடுக்க வேண்டும், என்ன நடந்தது என்று திரும்பச் சொல்ல வேண்டும்.

இரண்டு. மலை வீதியில் படை வண்டிகள் அணியாகப் போனால் நடுவில் இடைவெளி விட்டுப் போகச் சொல்லி மேலிடம் கட்டளை போட வேண்டும். சைரன் இல்லாத நேரம் எல்லா வாகனத்தையும் போல கடவையில் நிற்க வேண்டும்.

மூன்று. காலை 7 இலிருந்து 7.30 வரையும் பாடசாலை விடும் நேரமும் அவசரமில்லாத பெரிய வண்டிகள் பாடசாலை வளைவுகளில் மெதுவாகப் போக வேண்டும். படை வண்டி மட்டுமல்ல, எல்லா வண்டியும்.

நான்கு. மலைநாட்டுக்கு மாற்றலாகி வரும் சாரதிக்கு மலை வீதியில் ஓடப் பழக்கிவிட்டுத்தான் சாவியைக் கொடுக்க வேண்டும். இது அந்தப் பிள்ளையின் உயிருக்கும் நல்லது.

நாம் செய்ய வேண்டியதும் இருக்கிறது. படை வாகனத்துக்கு நம்பர் இல்லை என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு படைக்கும் தனி எழுத்தோடு தனி வரிசை உண்டு. சிங்கள எழுத்துத் தெரியாவிட்டால் பரவாயில்லை, ஃபோனில் படம் எடுங்கள், இல்லாவிட்டால் எண்ணை மட்டுமாவது கையில் எழுதுங்கள். நேரம், இடம், பார்த்தவர்கள் யார் என்பதை அன்றைக்கே குறித்து வையுங்கள். முறைப்பாட்டைத் தமிழில் கொடுக்க நமக்கு உரிமை இருக்கிறது. பிரதியை வாங்காமல் வராதீர்கள். காயம் பெரிதென்றால் தாமதிக்காமல் சட்டத்தரணியைப் பாருங்கள், இப்படியான வழக்குகளுக்குக் கால எல்லை இருக்கிறது. அடிப்படை உரிமை வழக்கென்றால் ஒரு மாதம்தான். வசதி இல்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. தோட்டத்துச் சொந்தங்களுக்கு எழுதிக் கொடுக்க ஆள் வேண்டுமென்றால், பாடசாலை விட்டதும் நாங்கள் இருக்கிறோம். வாருங்கள், எழுதித் தருகிறோம்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். கல் எறியாதீர்கள், மறித்து அடிக்காதீர்கள், சாரதியின் முகத்தைப் படம் பிடித்துப் போட்டு சாபம் விடாதீர்கள். இந்தப் பதிவின் கீழே இனத்தை இழுத்துக் கருத்துப் போட்டால் அழித்துவிடுவோம். கடவையில் ஓடி வந்து பிள்ளையை முதலில் தூக்கியது அந்த மரக்கறி லொறியின் சாரதி. சிங்கள சகோதரர். நேரம் போகிறதென்று தெரிந்தும் கூடவே இருந்து, சாட்சிக்கும் பெயர் கொடுத்துவிட்டுத்தான் போனார். அல்லாஹ் அவருக்கு அருள் செய்வானாக.

அந்தப் பிள்ளை புதன்கிழமையே பாடசாலைக்கு வந்துவிட்டான். சோறு பழைய துணிப் பையில். அவனை மஞ்சள் கடவைக்குக் கூட்டிப்போய்ப் பக்கத்தில் நிற்க வைத்துச் சொன்னோம், "மகன், பிழை உன்னுடையதல்ல. அவங்க நிக்க வேண்டும்." எங்கள் முகத்தைப் பார்த்தான். நம்பினானா என்று தெரியவில்லை.

அவன் நம்ப வேண்டுமென்றால் நாங்கள் சொன்னால் மட்டும் போதாது. ஒரு நாள் ஒரு பெரிய பச்சை வண்டி அவனுக்கு முன்னால் நிற்க வேண்டும். அதற்காகத்தான் இவ்வளவும்.

உங்கள் ஊர்க் குழுக்களில் பகிருங்கள். பள்ளி நிர்வாகங்களும், கோயில் பரிபாலன சபைகளும், விகாரையின் தாயக சபைகளும், தோட்டத் தலைவர்மாரும் சேர்ந்து ஒரே கடிதமாகக் கொடுப்போம். வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு பாடசாலையில் கையெழுத்து வாங்குகிறோம், இன்ஷா அல்லாஹ். வாருங்கள். ஹெல்மட்டோடு வாருங்கள்.